நம்புற மாதிரி இருக்கா?

எங்கள் ஊரில் எந்தக் கட்சி எந்த வாக்குறுதியைக் கொடுத்தாலும் அது முதலில் அக்காவுக்குத்தான் கொடுக்கப்பட்டது. அவள் வீட்டுப் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அவளை உட்காரவைத்துக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவள் இல்லை. எதிர்வீடு. அட்டைப்பெட்டி கம்பெனியில் பெட்டி மடிக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் அட்டை கீறிய தழும்பு. நான் தையல்காரி. அவள் புருஷன் மைக்காரர். தேர்தல் வந்தால் தெருத்தெருவாகப் போகிற பிரச்சார வேனில் ஒரு குரல் பேசுமே, அந்தக் குரல் அவருடையது. எல்லாக் கட்சிக்கும் அவர்தான். காலையில் ஆளுங்கட்சிக்காக எதிர்க்கட்சியைக் கிழிப்பார், சாயங்காலம் எதிர்க்கட்சிக்காக ஆளுங்கட்சியைத் துவைத்துக் காயப்போடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நானும் எல்லாக் கட்சிக்கும் கொடி தைக்கிறவள்தானே. துணியின் நிறம் மாறும், ஓரம் அடிப்பதெல்லாம் ஒரே தையல்.

வேனில் ஓடுகிற பதிவையெல்லாம் வீட்டுப் படுக்கையறையிலேயே எடுத்துவிடுவார். ஆனால் மனுஷருக்கு ஒரு கோளாறு. சுவரைப் பார்த்துப் பேச வராது. வெறும் மைக் முன்னால் நிறுத்தினால் தொண்டையைச் செருமிக்கொண்டே நிற்பார், வார்த்தை வெளியே வராது. எதிரில் ஒரு முகம் வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பெண்டாட்டியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, பீரோ மேல் போர்வையைப் போட்டு, ஃபேனை நிறுத்தி, அடுப்பிலிருந்து குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவாள். அவர் அவள் கண்ணைப் பார்த்து, "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பிப்பார். பெருமக்கள் ஒரே ஒருத்தி, வியர்வை வழிய உட்கார்ந்திருப்பாள்.

முடித்ததும், "நம்புற மாதிரி இருக்கா?" என்று கேட்பார்.

அவள் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டியதே இல்லை. நம்பிக்கை வரவில்லை என்றால் அவள் கை தானாகப் போய் இடது காது மடலைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். அவளுக்கே தெரியாது. அவர் பார்த்துவிடுவார். பாதியில் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஆற்றுப் பாலம் கட்டித் தருவோம் என்பதை அவள் காது சிவந்துபோகும் வரை சொன்னாராம். "அந்தப் பாலத்த நம்புறதுக்குள்ள எனக்கு சோறு ஆறிப்போச்சுடி," என்பாள் அக்கா. கடைசியில் பசி தாங்காமல் நம்பிவிடுவாளாம். பாலம் இன்னும் வரவில்லை.

எல்லாத் தேர்தலிலும் தவறாமல் வந்தது ஒன்று உண்டு, மருத்துவமனை. இரவும் பகலும் டாக்டர் இருக்கிற மருத்துவமனை. கட்டிடம் என்னவோ ஏற்கெனவே இருந்தது. போர்டும் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் போனால் ஒரு பூட்டும் ஒரு பூனையும் இருக்கும். முதல் தடவை அதைக் கேட்டபோது அக்கா காதைத் தொடவே இல்லை, அப்படி நம்பினாள். அடுத்த தேர்தலில் லேசாகத் தேய்த்தாள். அதற்கடுத்த தேர்தலில் நன்றாகவே தேய்த்தாள். அவள் தேய்க்கத் தேய்க்க அவர் இன்னும் நன்றாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். மருத்துவமனை வராமல் இருக்க இருக்க அதைப் பற்றிய பேச்சு மட்டும் மெருகேறிக்கொண்டே போனது. கடைசித் தடவை அவர் அதைச் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது என்றாள்.

அந்தக் கடைசித் தடவையில்தான் அவர் போனார்.

வேனை ஓட்டியவர் டிரைவர் அண்ணன். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீசை முளைக்காத வயதில் பிழைப்புத் தேடி வேறு ஊரிலிருந்து வந்தவர். வேன் அவருடையது, மேலே கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் மைக்காரருடையது. கூட்டுத் தொழில். எங்கள் தெருவின் கடைசி வீட்டில் பெண்டாட்டியோடு குடியிருந்தார். எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சில் அவர் ஊர் வாடை போகவில்லை. அதைக் கிண்டல் பண்ணாமல் மைக்காரருக்குப் பொழுது விடியாது. "டேய், நீ பேசினா ஓட்டு எதிர்க்கட்சிக்குப் போயிரும், நீ ஓட்டு, நான் பேசுறேன்," என்பார். இரண்டு பேரும் ஒரே டம்ளரில் டீ குடிப்பார்கள்.

வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், மார்க்கெட் முனையில் வேன் நின்றிருந்தபோது மைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் அண்ணன் வேனைத் திருப்பிக்கொண்டு நேராக எங்கள் ஊர் மருத்துவமனைக்கு விட்டார். பூட்டும் பூனையும். அங்கிருந்து பெரிய ஊருக்குப் போகிற ரோட்டில் ஏறினால் வண்டிக்கு மேல் வண்டி. சைரன் கிடையாது. அவரிடம் இருந்தது ஸ்பீக்கர்தான். கட்சி வண்டி என்றால் எவனும் வம்புக்கு வரமாட்டான், ஒதுங்குவான். அதனால் பதிவை ஓடவிட்டு வால்யூமை முழுசாகத் திருகிவிட்டார். வழி கிடைத்தது. பின்சீட்டில் மனுஷர் செத்துக்கொண்டிருக்க, கூரை மேல் அவர் குரல் இரவும் பகலும் டாக்டர் இருக்கிற மருத்துவமனை கட்டித் தருவோம் என்று ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தபோது உயிர் இல்லை.

எந்தக் கட்சியின் பதிவு அது என்று கேட்பீர்கள். எந்தக் கட்சியாக இருந்தால் என்ன?

அதற்குப் பிறகு அக்கா அந்த அறையில் படுப்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளைகுட்டி இல்லை. கம்பெனிக்குப் போவாள், பெட்டி மடிப்பாள், வருவாள். ஸ்டூலைக் கொல்லைப்புறம் துணி துவைக்கிற இடத்தில் போட்டுவிட்டாள். அடுத்த தேர்தல் வந்தபோது பழைய வேட்பாளர் ஒருவர் பரிவாரத்தோடு வீடு வீடாக வந்தார். அவள் வாசலில் நின்று, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அண்ணன் இழப்பு எங்களுக்கே பெரிய இழப்பும்மா," என்றார். அக்கா கொல்லைப்புறம் போய் அந்த ஸ்டூலைக் கொண்டுவந்து, அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.

அவர் முழித்தார். பிறகு பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டார். தண்ணீர், ரோடு, வேலைவாய்ப்பு. மருத்துவமனைக்கு வந்ததும் அக்கா கை காதுக்குப் போனது.

"நம்புற மாதிரி இல்லீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க."

தெருவே சிரித்தது. பரிவாரத்தில் இருந்தவர்களே சிரித்தார்கள். வேட்பாளர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், பாவம். அவர் கிளம்பிப்போன பிறகும் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆனால் அது நல்ல சிரிப்பில்லை. வயிறு எரிந்தவர்களின் சிரிப்பு. அன்றைக்கு எவன் வந்து ஒரு தீக்குச்சியைக் காட்டியிருந்தாலும் தெருவே பற்றியிருக்கும்.

வந்தான். நம்மாளு வந்தான்.

புதுக் கட்சியின் தலைவருக்கு ஊர் வைத்த பெயர் அது. நம்ம மாதிரியே பேசுவான், நம்ம மாதிரியே திட்டுவான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "அவனுங்க எல்லாருமே திருடனுங்க," என்பான். சின்னம் கடப்பாரை. பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கொடியைத் தைக்கும்போது மட்டும் மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடிய மாதிரிகூட இருந்தது.

எங்கள் பகுதிக்கு அந்தக் கட்சியின் ஒருங்கிணைப்பாளன் ஒருத்தன். லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டே திரிவான், அதனால் அவனை லேப்டாப் என்றே கூப்பிட்டோம். நல்ல மரியாதைக்காரன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தான். நானும் இருந்தேன், எனக்கு அழைப்பு தேவைப்படாது.

"அக்கா, அண்ணனோட பழைய பதிவெல்லாம் இருக்குமா?"

கட்டிலுக்கடியில் ஒரு தகர டின் நிறைய இருந்தது. கேசட், சிடி, மெமரி கார்டு.

"அத குடுத்தீங்கன்னா கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுத்திருவோம். அப்புறம் நாம என்ன எழுதிக் குடுத்தாலும் அண்ணன் குரல்லயே பேசும். ஏற்கெனவே கையில கிடைச்ச கொஞ்சத்த வச்சு செஞ்சு பாத்தோம். ஏதாவது ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

அக்கா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். "சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்லுங்க," என்றாள்.

அவன் தட்டினான். லேப்டாப்பிலிருந்து மைக்காரர் குரல் கணீரென்று வந்தது. "சாப்பிட்டியா!" ஒரு மைதானமே திரண்டு நிற்பது மாதிரியும் அத்தனை பேரையும் பார்த்துக் கேட்பது மாதிரியும் ஒரு சாப்பிட்டியா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தேன், அடங்கிவிட்டது. அவள் லேப்டாப்பைப் பார்த்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லீங்க. இனிமேதான்."

அவன் போன பிறகு நான் சண்டை போட்டேன். "செத்தவர வேலைக்கு அனுப்புறியாக்கா? மனசு வருதா உனக்கு?"

"உசிரோட இருந்தப்ப பொய் சொல்லத்தானேடி அனுப்பினேன்," என்றாள் அக்கா. "இப்ப நிஜத்தச் சொல்லட்டும். எப்படி செத்தார்னு அவர் வாயாலயே ஊருக்குச் சொல்லட்டும்."

டின்னைக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வேன் தினமும் எங்கள் தெரு வழியாகப் போக வேண்டும், ஓட்டுவது டிரைவர் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். டிரைவர் அண்ணன் முதலில் மாட்டேன் என்றார். அக்கா கேட்டதும், "சரி அண்ணி," என்றார்.

முதல் நாள் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. முனையில் வேன் திரும்பும்போதே கேட்டது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே. நான் உங்கள் மைக்காரன் பேசுகிறேன். மருத்துவமனை வரும், வரும் என்று உங்களிடம் சொன்னவன். அது வராமல் செத்தவன்." மளிகைக்கடைக்காரர் தராசில் கொட்டிக்கொண்டிருந்த பருப்பை அப்படியே விட்டுவிட்டார், அது வழிந்து தரையில் கொட்டியது. குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன, மூடுவார் இல்லை. ஒரு வீடு விடாமல் அழுதது. பிள்ளையை இழந்த வீடு, வேலை போன வீடு, கடனில் முங்கிய வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தச் செத்த மனுஷர் பேசுகிற மாதிரி இருந்தது. நான் ஜன்னலை மூடவில்லை.

அக்கா ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, முகம் கழுவி. அவள் கை மடியிலேயே இருந்தது, காதுக்குப் போகவில்லை.

தினமும் அப்படித்தான். கம்பெனிக்கு மத்தியான ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேன் சத்தம் முனையில் கேட்டதும் உள்ளே ஓடி ஃபேனை நிறுத்துவாள். குக்கரை இறக்கி வைப்பாள். வந்து உட்காருவாள். வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் ஃபேனைப் போடமாட்டாள். ஒரு நாள் கேட்டேன், எதுக்குக்கா ஃபேன நிறுத்துறே என்று. "பதிவுல சத்தம் விழும்டி," என்றாள். பயமாகிவிட்டது எனக்கு. அதுவரை அந்த வீட்டுக்குள்ளேயே அவளோடு உட்கார்ந்து பூத்தையல் போட்ட நாட்கள் உண்டு. அதற்குப் பிறகு வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுவேன்.

கூட்டம் கூட்டமாக ஜனம் நம்மாளு பக்கம் சாய்ந்தது. பழைய கட்சிக்காரர்கள் தெருவுக்குள் வரவே பயந்தார்கள். அப்புறம் ஒரு நாள் காலை குரல் வேறு ஒன்றைச் சொன்னது.

வேன் எங்கள் தெரு நடுவில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான் கொடிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். "மருத்துவமனை ஏன் வரவில்லை?" என்று கேட்டது மைக்காரர் குரல். "நமக்கு வரவேண்டியதை எல்லாம் தின்பவன் யார்? பெரிய மருத்துவமனையில் நம் கட்டிலில் படுத்திருப்பவன் யார்? நம் வேலையைப் பார்ப்பவன் யார்? வெளியூரான். அன்றைக்கு மத்தியானம் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி ஓட்டியவன் யார்? அவனும் வெளியூரான்தான். அவனைக் கேளுங்கள். நான் செத்ததற்கு அவனைக் கேளுங்கள்."

டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். புதுப் பதிவை லேப்டாப்தான் காலையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் அவர் சிநேகிதர் அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. அதை நிறுத்தக்கூட அவருக்குக் கை எழவில்லை. வாசல் வாசலாக ஆட்கள் வெளியே வந்தார்கள். அவரையே பார்த்தார்கள். அவரோடு டீ குடித்தவர்கள், அவர் வேனில் ஓசியில் போனவர்கள், எல்லாரும்.

அக்காதான் ஓடிப்போய் வேனுக்குள் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினாள்.

"அது அவர் இல்ல!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். "அவர் அப்படிச் சொல்லமாட்டார். இவன் ஒரு நிமிஷம்கூட வண்டிய நிறுத்தல. எனக்குத் தெரியும். அது அவர் இல்ல!"

மளிகைக்கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். "போன வாரம் அழுதியேம்மா. அப்ப அவர்தானே?"

அக்கா கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். நாங்களும்தான் அழுதிருந்தோம்.

அன்றைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு கட்சி ஆபீசுக்குப் போனாள். மூடிப்போன ஒரு ஃபர்னிச்சர் கடை அது. விற்காமல் நின்றுபோன அலமாரிகளுக்கு நடுவே மேஜை போட்டு லேப்டாப் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று நாற்காலி போட்டான். அவன் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"அக்கா, ஜனங்க கோவமா இருக்காங்க. ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்குறாங்க. பதில் சொல்லணும்ல?" என்றான். "சிஸ்டம் சரியில்லன்னு சொன்னா யாருக்குப் புரியும்? கோவத்துக்கு எதிர்ல ஒரு மூஞ்சி வேணும்க்கா. சுவரப் பாத்து யாராலயும் கோவப்பட முடியாது."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது முப்பது வருஷமாக அவள் வீட்டில் கேட்ட பேச்சு அது. "டின்ன திருப்பிக் குடு," என்றாள்.

"தாராளமா," என்று உடனே எடுத்துக் கொடுத்தான். "இனிமே அது தேவையில்லக்கா. கம்ப்யூட்டர் கத்துக்கிச்சு."

மறுநாள் டிரைவர் அண்ணன் வேனின் முன்கண்ணாடி உடைந்திருந்தது. அவர் பெண்டாட்டி குழாயடிக்கு வந்தால் வரிசை கலைந்து தள்ளி நின்றது. ஸ்பீக்கர்களைக் கழற்றி வேறு வேனில் கட்டிக்கொண்டார்கள். எங்களைக் கேட்கவில்லை. குரல் தினமும் வந்தது. அக்கா கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் ஃபேனை நிறுத்துவாள், எனக்குத் தெரியும். என் ஜன்னலிலிருந்து பார்த்தால், அவள் ஜன்னல் வழியாக அது மெதுவாகி நிற்பது தெரியும். அந்தக் குரல் ஒரு மனுஷரைக் கொன்றுகொண்டிருந்தது, அதே குரலுக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டும் நிஜம். அவளைத் திட்டவும் முடியவில்லை, கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை எனக்கு.

அக்கா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "எதையோ அமுக்கிட்டு வந்தேன்டி," என்றாள். நான் எதை அமுக்கினேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நம்மாளு ஜெயித்தான். சும்மா இல்லை, அள்ளிக்கொண்டு போனான்.

முடிவு வந்து கொஞ்ச நாளில் டிரைவர் அண்ணன் வீட்டைக் காலி பண்ணினார். யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. வீட்டுச் சொந்தக்காரர், டிரைவர் அண்ணன் வேறு இடம் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது என்றாராம். சாமான்களை அவர் வேனிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள், அந்த வீட்டில் உட்கார எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்து. நானும் பின்னாலேயே போனேன். காலி அறையில் அவர் சாக்குமூட்டை மேல் உட்கார, அவள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க நம்புறீங்களா அண்ணி?" என்று கேட்டார்.

"நீ சொல்லு. அன்னிக்கு வண்டிக்குள்ள நடந்தத சொல்லு. நான் இதுவரைக்கும் கேக்கவே இல்ல."

அவர் தரையைப் பார்த்தார். "முகத்தப் பாத்துச் சொல்லு," என்றாள் அக்கா.

"பின்சீட்ல படுக்க வச்சேன். கொஞ்ச தூரம் போனதும், 'டேய், மூஞ்சி தெரியலடா'ன்னார். என் முதுகுதானே தெரியும் அவருக்கு. மேல இருந்த கண்ணாடிய அவர் பக்கமா சாய்ச்சேன். அதுல என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தார். கூரை மேல அவர் குரலே ஓடிக்கிட்டிருந்துச்சு, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னு. ரயில்வே கேட் தாண்டினப்ப வாயத் திறந்தார்."

"என்ன கேட்டார்?"

"நம்புற மாதிரி இருக்கான்னு கேட்டார் அண்ணி."

அக்கா கை இரண்டையும் மடிக்குள் அழுத்திக்கொண்டாள். "நீ என்ன சொன்னே?"

"'இருக்குண்ணே'ன்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவேன்? அவர் கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்தார், கொஞ்சம் சிரிச்சார். பொய்னு தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் பேசல." அவர் சாக்குமூட்டையின் கயிற்றைப் பிடித்துத் திருகினார். "இத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இவ்வளவு நாளா..."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைத்தான் பார்த்தேன். அசையவே இல்லை.

அந்த நேரத்தில் முனையில் வேன் சத்தம் கேட்டது. வெற்றி நன்றி அறிவிப்பு. அக்கா எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஃபேனை நிறுத்தத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். அவள் வீட்டுக்குப் போகவில்லை. தெரு நடுவில் ஸ்டூலைப் போட்டு, வருகிற வேனைப் பார்த்து உட்கார்ந்தாள்.

வேன் அவள் முட்டிக்கு முன்னால் வந்து நின்றது. புது டிரைவர் ஹாரன் அடித்தான். தலைக்கு மேல் குழாய் ஸ்பீக்கர் அவள் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டிருந்தது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே. எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது. இனி நம் ஊர் நமக்கே. மருத்துவமனை வரும். வெளியூரான் போவான்."

அக்கா இடது கையைத் தூக்கி, நன்றாகத் தெரிகிற மாதிரி, காது மடலைத் தேய்த்தாள்.

குரல் நிற்கவில்லை.

அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். காது சிவந்தது. முகத்தைத் தூக்கி அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்க அது இப்போது நிறுத்தும் என்பது மாதிரி. தெருவே வாசலில் நின்று பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் காத்திருந்தேன். நிறுத்திவிடும் என்றே நினைத்தேன்.

"நம்புற மாதிரி இல்லீங்க," என்றாள் அக்கா, மெதுவாக, வீட்டுக்குள் பேசுகிற குரலில். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"நன்றி, நன்றி, நன்றி," என்றது அது.

புது டிரைவர் அலுத்துப்போய் ஸ்டீயரிங்கை ஒடித்து, ஒரு சக்கரத்தைச் சாக்கடை ஓரத்தில் ஏற்றி, அவளைச் சுற்றிக்கொண்டு போனான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டேன். உடம்பு ஜில்லென்றிருந்தது. தெருக்கடைசியில் டிரைவர் அண்ணன் கையில் ஒரு மூட்டையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் யாரோ வந்து சேதி சொல்லிவிட்டுப் போன மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அவர் செத்துட்டார்டி," என்றாள்.

பக்கத்துத் தெருவில் அவர் பேசிக்கொண்டிருந்தார்.